பெட்டி வந்த வழி: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் தமிழ்த் திரைப்படப் பிரதிகளின் விநியோக வரலாறு

தமிழ்த் திரைப்பட வரலாறு இதுவரை பெரிதும் படைப்பாளர், நடிகர், படநிறுவனம் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சு. தியடோர் பாஸ்கரன் முதலானோர் தொடக்கக்காலத் திரைப்படத்தின் சமூக, அரசியல் பின்புலங்களை வெளிக்கொணர்ந்தனர். ஸ்டீபன் ஹியூஸ் தென்னிந்தியத் திரையிடலின் வரலாற்றை ஆராய்ந்தார். எனினும், எடுத்து முடிக்கப்பட்ட ஒரு படம் எவ்வழியாகச் சென்றது, எத்தனை கை மாறியது, எத்தனை நாள் கழித்து எந்நிலையில் பார்வையாளரைச் சேர்ந்தது என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டுள்ளது. தமிழகத்தின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்குப் பெரிய இடமில்லை. மதுரையிலோ கோவையிலோ வாழ்பவர்க்குப் படம் இன்றில்லாவிடினும் நாளை வந்தே தீரும். மாநில எல்லைக்கு அப்பால் தமிழ் பேசி வாழ்வோர்க்கு அஃது அவ்வளவு உறுதியானதாக இருந்ததில்லை.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு விளிம்பே இக்கட்டுரையின் களம். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, அட்டப்பாடி. இடுக்கிப் பக்கம் மூணாறு, தேவிகுளம், மறையூர், உடும்பன்சோலை, பீர்மேடு, குமுளி. முன்னதில் தமிழர் உழவராகவும் வணிகராகவும் நெடுங்காலமாக வாழ்பவர். பின்னதில் தேயிலை, ஏலத் தோட்டங்களை நம்பித் தலைமுறைகளாகத் தங்கியவர் மிகுதி. இவர்களுக்குத் தமிழ் வீட்டுமொழி, ஆட்சிமொழி வேறு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை வழங்கியது. சட்டம் தரும் தமிழ் ஒருபுறமிருக்க, வாரந்தோறும் ஊருக்கு வந்துசேர்ந்த தமிழ் எது என்று பார்த்தால், அது தகரப் பெட்டியில் வந்த திரைப்படம் எனத் துணிந்து கூறலாம். ஆகவே, பெட்டி வந்த வழியை ஆராய்வது இப்பகுதித் தமிழரின் மொழிவாழ்வை ஆராய்வதும் ஆகும்.

அரங்கு நடந்த காலம்

தொடக்கத்தில் படம் வாடகைக்குக் கிடைப்பதன்று, விலைக்கு வாங்கப்படுவது. அடிக்கணக்கில் விற்கப்பட்ட சுருள்களை வாங்கியவர், அவை தேய்ந்து அறும் வரை தமக்கே உரியனவாக வைத்து ஊர் ஊராகக் காட்டினார். புதுப்படம் பெறுவதைவிடப் புதிய பார்வையாளரைத் தேடிச் செல்வது எளிதாக இருந்தது. எனவே கூடாரம் நடந்தது. படம் அதனுடன் சென்றது.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துய்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கி ஊர் சுற்றத் தொடங்கினார் என்பது தமிழ்த் திரைவரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. கேரளத் திரைவரலாறோ 1906இல் கோழிக்கோட்டில் முதன்முதலாகப் படம் காட்டியவர் பால் வின்சென்ட் என்றும், அவரிடமிருந்து கருவியைப் பெற்றுக் காட்டூக்காரன் வாறுண்ணி ஜோசப் 1907இல் திருச்சூரில் காட்சிகளைத் தொடங்கினார் என்றும் கூறும். இரு வரலாறுகளிலும் திருச்சியும் இரயில்வேயும் பிரெஞ்சுக்காரரும் வின்சென்ட் என்ற பெயரும் பொதுவாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. பின்னாளில் இரு மொழியினரும் தத்தம் எல்லைக்குள் நின்று தொடக்கத்தை எழுதிக்கொண்டனர். தொடக்கமோ எல்லைக்குள் நின்று நிகழ்ந்ததன்று.

அத்தகைய கூடாரம் கொங்குநாட்டிலிருந்து மலபாருக்குச் செல்லும் வழி இயற்கையாகவே அமைந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், உமணர் வண்டி காலந்தொட்டு வணிகப் பாதை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை நீண்ட இருப்புப்பாதை 1862 முதல் அதன் வழியே சென்றது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோவையும் பாலக்காடும் ஒரே அரசின் கீழ், ஒரே இருப்புப்பாதையில், ஏறத்தாழ 50 கி.மீ. இடைவெளியில் இருந்த ஊர்கள். அக்காலத்தில் எல்லை இருந்தது வேறிடத்தில்: சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டதாய், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளால் சூழப்பட்டு, தீவுபோல் நின்றது.

இடுக்கி மலைகளின் நிலை வேறு. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசுக்கு உரியவை. ஆயினும் மூணாற்றுத் தேயிலை கீழிறங்கியது கிழக்கே. 1902இல் அமைந்து 1908இல் சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்குப் பாதை டாப் ஸ்டேஷன் வரை சென்றது. அங்கிருந்து கம்பிவடம் வழியாகச் சரக்கு போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் குரங்கணி, கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது. ஆட்சி மேற்கே இருந்தது. சரக்கும் ஆளும் கிழக்கிலிருந்து ஏறின.

வாடகைக்கு வந்த படம்

1907ஐ ஒட்டிப் பாரிசின் பத்தே நிறுவனம் படங்களை விற்பதைக் கைவிட்டு வாடகைக்குத் தரத் தொடங்கியது. இந்தியாவில் பின்னர் மதன் நிறுவனம் முதலியவை இம்முறையைப் பரப்பின. இம்மாற்றத்துடன் ‘விநியோகஸ்தர்’ என்னும் மூன்றாமவர் தோன்றினார். படம் இனிக் கொட்டகைக்காரருக்கு உரியதன்று. சில நாள் தங்கிப் போகும் விருந்து. 1914இல் கோவையில் வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹால் போன்ற நிலையான அரங்குகள் எழுந்தது இம்முறையால்தான் கைகூடிற்று. வாரந்தோறும் புதுப்படம் கிடைத்தாலன்றி ஓரிடத்தில் நின்று தொழில் நடத்த இயலாது. அரங்கு நின்றது, படம் நடந்தது.

நடந்த படத்தின் சுமையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். 35 மி.மீ. சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுமாயின் நிமிடத்திற்கு 90 அடி செலவாகும். இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஏறத்தாழ 15,000 அடி. 1000 அடிச் சுருள் ஒன்று இரண்டரைக் கிலோ அளவில் இருக்கும். டப்பாக்களும் பெட்டிகளும் சேர, ஒரு படம் ஓர் ஆள் தனியே தூக்கும் சுமையாக இராது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது. அதனைச் சேமிக்கவும் அனுப்பவும் தனி விதிகள் இருந்தன. இரயில் பார்சல், பேருந்தின் கூரை, மாட்டுவண்டி, மிதிவண்டி என்னும் வரிசையில் பெட்டி இறங்கிவந்தது. ‘பெட்டி வந்துவிட்டதா’ என்பதே முதல் நாள் காலையில் ஊர் கேட்ட கேள்வி. பெட்டிக்கு மாலையிட்டுச் சூடம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுவந்த வழக்கத்தை இரசிகர்களின் வெறி என்று மட்டும் சுருக்கிவிடுதல் பொருந்தாது. வந்துசேருமா என்ற ஐயம் இருந்த இடத்தில்தான் வருகை விழாவாயிற்று.

பெட்டியுடன் ‘ரெப்’ என வழங்கப்பட்ட படப் பிரதிநிதியும் வந்தார். விநியோகஸ்தரின் ஆளாகிய அவர் நுழைவுச்சீட்டு எண்களைச் சரிபார்த்து அன்றாட வசூல் கணக்கான டி.சி.ஆரில் ஒப்பமிடுவார். எம்.ஜி. எனப்பட்ட குறைந்தபட்ச உறுதித்தொகை, விகித முறை, மொத்தமாக வாங்கும் ‘அவுட்ரேட்’ என வணிக முறைகள் பலவாயினும், பெட்டியும் ரெப்பும் சேர்ந்தே நடந்தனர்.

1931 அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்துடன் பேசும்படம் தமிழில் தொடங்கியது. மௌனப்படம் மொழியெல்லை அறியாதது. பேசும்படம் வந்த பின்னரே ‘தமிழ்ப்படம்’ என ஒன்று தனித்துச் செல்ல வேண்டியதாயிற்று. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் தயாரிப்பு. அதன்பின் பல பத்தாண்டுகள் மலையாளப் படங்களின் பிரதிகளும் பெரும்பாலும் சென்னை ஆய்வகங்களில் கழுவி அச்சிடப்பெற்றன. இரு மொழிப் பெட்டிகளும் சென்னையில் புறப்பட்டு ஒரே கணவாய் வழியே சென்ற காலம் அது.

1956உம் ‘ஏரியா’வும்

1956 நவம்பர் 1இல் மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தில் சேர்ந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்துடன் இணைக்கக் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. 1954இல் நேசமணி அம்மலைப்பகுதிக்குச் சென்று நடத்திய போராட்டம் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென்வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் வந்தன. இவையாவும் அறிந்தவை. படப்பெட்டிக்கு இதனால் நேர்ந்ததே இங்கு நோக்கத்தக்கது.

தமிழ்ப்பட வணிகம் தமிழகத்தைச் சென்னை நகரம், செங்கல்பட்டு–வட, தென் ஆர்க்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சை, மதுரை–இராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என ‘ஏரியா’க்களாகப் பகுத்து விற்றது. நீலகிரி கோவையுடன் சேரும். கேரளம், கருநாடகம் என்பன தனி ஏரியாக்கள். மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிக்குரிய வெளிநாட்டு உரிமை, மறைந்துபோன ‘பெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்’ என்னும் ஆட்சிப் பிரிவின் சுருக்கப் பெயரால் ‘எப்.எம்.எஸ்.’ என்றே வழங்கிற்று. இப்பெயர்கள் தம்முள் ஒரு வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. வருவாய்த்துறை மாவட்டங்கள் பலவாகப் பிரிந்த பின்னும் பட வணிகத்தின் நிலப்படம் பழைய மாவட்டங்களையே கைவிடாது வைத்திருந்தது.

அந்நிலப்படத்தில் திருநெல்வேலியுடன் கன்னியாகுமரி இணைந்திருத்தல் சிறப்பாக நோக்கத்தக்கது. 1956க்கு முன் அவ்வட்டங்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மாநிலம் மாறியதும் தமிழக ஏரியாவில் இடம்பெற்றன. அதே ஆண்டில் சென்னை மாநிலத்தை விட்டு நீங்கிய பாலக்காடு, பக்கத்துக் கோவை ஏரியாவில் இல்லை. கேரள உரிமைக்குள் அடங்கிற்று. சேர்த்தலும் நீக்கலும் ஒரே கோட்டைப் பின்பற்றின. மொழி, தொலைவு, சந்தை உறவு ஆகியவற்றைவிட மாநில எல்லையே விநியோகத்தின் அளவுகோலாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. திரையரங்க உரிமமும் இதற்குத் துணை செய்தது. தமிழகப் பக்கத்தில் 1955ஆம் ஆண்டின் சென்னைத் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டம். மறுபக்கத்தில் 1958ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். கேளிக்கை வரியும் தமிழகத்தில் மாநில அரசுக்கும், கேரளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புக்கும் சென்றது.

இதன் விளைவை ஊர்களில் வைத்துக் காணலாம். கொழிஞ்சாம்பாறைக்கு அண்மைச் சந்தை பொள்ளாச்சி. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிகள் வழியே காய்கறியும் வைக்கோலும் ஆட்களும் நாள்தோறும் போய்வந்தனர். 1932 முதல் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் கொல்லங்கோடு வழியாக இரயில் ஓடிற்று. ஆனால் பொள்ளாச்சியில் ஓடி முடிந்த படத்தின் பெட்டி அவ்விரயிலில் ஏறி மேற்கே வருதல் வணிக முறைக்கு மாறானது. அப்பெட்டி கோவை விநியோகஸ்தருக்கு உரியது. ஏரியாவுக்குள்ளேயே சுற்றித் திரும்ப வேண்டும். சித்தூர்ப் பகுதிக்குரிய பெட்டி கேரள உரிமை பெற்றவரிடமிருந்து வரவேண்டும். சென்னையில் அச்சான பிரதி கணவாயைக் கடந்து எர்ணாகுளம், கோழிக்கோடு போன்ற விநியோக ஊர்களை அடைந்து, அங்குள்ள வரிசைப்படி மீண்டும் கிழக்கு நோக்கி வருதலே முறை. தன் ஊரைத் தாண்டிச் சென்ற பெட்டி திரும்பி வரும்வரை அவ்வூர் காத்திருந்தது.

அக்காத்திருப்பு சில நாளன்று. கேரளத் திரையரங்குகள் முதல் வெளியீட்டுக்குரிய ‘ஏ’ வகுப்பு, அடுத்து ‘பி’, பின்னர் ‘சி’ எனத் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. ஏ வகுப்பில் வாரங்கள் ஓடிய பின்னரே பிரதி பி வகுப்புக்கு இறங்கும். எல்லையோரச் சிற்றூர்களின் கொட்டகைகள் இவ்வரிசையின் கீழ்ப்படிகளில் இருந்தன. தமிழகத்திலும் ஏ, பி, சி மையங்களும் ‘ஷிப்டிங்’ முறையும் உண்டு. காத்திருப்பு அங்கும் உண்டு. வேறுபாடு யாதெனின், பொள்ளாச்சிச் சிற்றூரான் கோவையின் வரிசையில் நின்றான். கொழிஞ்சாம்பாறையான் எர்ணாகுளத்தின் வரிசையில் நின்றான். அங்கு எப்படம் ஓடும் என்பதை முடிவு செய்தவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பார்வையாளர் அல்லர்.

இக்கூற்றுக்குச் சிறிது விளக்கம் தேவை. தமிழ்ப்படம் கேரளத்தில் பெரும்பாலும் மொழிமாற்றமின்றியே ஓடுகிறது. மலையாளிகள் அதனை விரும்பிக் காண்கின்றனர். எம்.ஜி. இராமச்சந்திரனின் குடும்பம் பாலக்காட்டு மாவட்டத்தின் நல்லேப்பிள்ளி, வடவன்னூர் ஆகிய ஊர்களைச் சார்ந்தது என்பதையும் நினைவுகூரலாம். எனவே கேரள உரிமை விலைமதிப்புடையதாகவே இருந்தது. ஆயின் அம்மதிப்பு புகழ்பெற்ற நடிகரின் படத்துக்கு உரியது. பெருநடிகர் இல்லாத நல்ல படம், புதியவர் எடுத்த சிறுபடம் ஆகியவற்றைக் கேரளம் முழுமைக்கும் விலை கொடுத்து வாங்க ஆள் இல்லையாயின், எல்லையோரத் தமிழ்ச் சிற்றூருக்கும் அப்படம் இல்லை. 25 கி.மீ. தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் படம் முறைப்படி அவ்வூருக்கு வர வழியே இல்லாமற் போகும். காலத்தாழ்ச்சியைவிட இத்தேர்வே பெரிய இழப்பு. எந்தத் தமிழ் அவர்களை அடையலாம் என்பதைத் தமிழல்லாத ஒரு சந்தை வடிகட்டிற்று.

1972 சனவரி 26இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழி இறங்கினால் போடிநாயக்கனூர்; மறையூர், சின்னாறு வழி இறங்கினால் உடுமலைப்பேட்டை; குமுளியிலிருந்தோ கம்பம்மெட்டிலிருந்தோ இறங்கினால் கம்பம். போடியும் கம்பமும் மதுரை–இராமநாதபுரம் ஏரியா. உடுமலை கோவை ஏரியா. ஆக, ஒரே மலை மாவட்டத்தின் கணவாய்கள் இரு வேறு தமிழக ஏரியாக்களை நோக்கித் திறக்க, மாவட்டமோ மூன்றாவதான கேரள ஏரியாவில் கிடந்தது. குமுளிக்குக் கம்பம் ஏறத்தாழ 22 கி.மீ.; எர்ணாகுளம் அதனினும் ஆறு, ஏழு மடங்கு. விடுமுறை நாளில் மலையிறங்கிக் கம்பத்தில் படம் பார்த்து மாலைப் பேருந்தில் ஏறுவது எளிதான தீர்வு. பெட்டி ஆளைத் தேடி வராத இடத்தில் ஆள் பெட்டியைத் தேடிச் சென்றார்.

பிரதியும் பாடமும்

இவ்விடத்தில் தமிழாய்வாளர்க்குப் பழக்கமான ஒரு கருத்தைக் கொண்டுவருதல் பயன்தரும். ‘பிரதி’ என்னும் சொல் ஏட்டுச்சுவடிக்கும் படச்சுருளுக்கும் பொதுவானது. உ.வே. சாமிநாதையர் காலந்தொட்டு, ஒரு பாடம் ஏன் சிதைந்தது என அறிய அந்த ஏடு எங்கெங்கு இருந்தது, எவர் கையில் பயின்றது என அறிவது பதிப்பியலின் முறை. படப்பிரதிக்கும் அது பொருந்தும்.

சுருள் ஒவ்வொரு காட்சியிலும் தேயும். ஓரத் துளைகள் கிழியும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது சில சட்டங்கள் போகும். பல அரங்குகள் கடந்து வந்த பிரதியில் கீறல்கள் மிகுந்து, திரையில் இடைவிடாது ‘மழை பெய்யும்’. இரவுக் காட்சி நேரத்தோடு முடிய வேண்டி ஒரு பாடலை நீக்கி ஓட்டுதலும் உண்டு. நீக்கிய துண்டு மீளவும் ஒட்டப்படாமற் போதலும் உண்டு. தணிக்கைச் சான்றிதழ் படத்தின் நீளத்தை அளவிட்டுக் கூறும். கடைசிக் கொட்டகையில் ஓடிய படம் அந்நீளத்தில் இராது. வரிசையின் கடைசியில் நின்ற எல்லையோரப் பார்வையாளர், சென்னையில் முதல் நாள் பார்த்தவர் கண்ட படத்தைக் காணவில்லை. அவர் கண்டது வேறொரு பாடம். தமிழ்த் திரைப்படத்தை ‘நூல்’ எனக் கொண்டு பொருள் கூறும் ஆய்வுகள் பெரும்பாலும் முதற்பாடத்தையே எல்லாரும் பெற்றதாகக் கொள்கின்றன. இக்கோட்பாடு மறுபரிசீலனைக்கு உரியது.

பாடவேறுபாட்டைக் காட்டும் சான்றுகள் இன்று அருகிவிட்டன. உரிமைக்காலம் முடிந்த பிரதிகள் பயனற்றனவாகக் கழிக்கப்பட்டன. வெள்ளி பிரித்தெடுக்கவும் பிற பயன்களுக்குமாகச் சுருள்கள் எடைக்குப் போயின. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் படங்களைக் காத்தது. ஒரு படத்தின் தேய்ந்த பிரதியைத் தேய்மானத்துக்காகவே காப்பது எந்தக் காப்பகத்தின் நோக்கமும் அன்று. எஞ்சியிருக்கக் கூடியவை டி.சி.ஆர். தாள்கள், பார்சல் இரசீதுகள், உள்ளாட்சி அலுவலகங்களின் கேளிக்கைவரிப் பதிவேடுகள் ஆகியனவே. ஓர் ஊரில் எந்நாளில் எப்படம் ஓடிற்று என்பதை இவற்றின் துணையால் மீட்க முடியும். தமிழ்த்துறைகள் கல்வெட்டுக்கும் ஓலைக்கும் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கை இத்தாள்களுக்கும் காட்டலாம். கரையான் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பிரதி வராத இடைவெளியை 1980களில் வீடியோ நாடாவும், 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் தொலைக்காட்சியைத் தொடர்ந்து கேபிள் இணைப்பும், பின்னர்க் குறுவட்டும் நிரப்பின. தோட்டக் குடியிருப்பில் அமர்ந்தபடி நாள் முழுதும் தமிழ் கேட்கும் வாய்ப்பு வந்தபின் கொட்டகைகள் பல மூடப்பட்டமை வியப்பன்று.

பெட்டி மறைந்த பின்

2000களில் ஒரு பிரதிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. எண்ணிம முறை அச்செலவை நீக்கியது. 2005ஐ ஒட்டி யூ.எப்.ஓ., சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் ஆகியவை திரையரங்குகளில் எண்ணிமக் கருவிகளை நிறுவத் தொடங்கின. 2006இல் வெளிவந்த ‘மூன்னாமதொராள்’ செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்ட முதல் மலையாளப் படமாகக் குறிக்கப்பெறுகிறது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் சுருள் வழக்கொழிந்தது. சென்னையின் புகழ்பெற்ற ஆய்வகங்களும் அச்சுப்பணியை நிறுத்தின. பெட்டி இருந்த இடத்தில் முதலில் வன்தட்டும், அதனைத் திறக்கும் மறைகுறியீட்டுத் திறவுகோலும் வந்தன. ‘கே.டி.எம்.’ எனப்படும் அத்திறவுகோல் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள்வரை மட்டுமே படத்தைத் திறக்கும்.

எல்லையோரக் கொட்டகைகளுக்கு உடனடி நன்மை கிட்டியது. பிரதிப் பற்றாக்குறையை அடிப்படையாகக் கொண்ட ஏ, பி, சி வரிசை பொருளிழந்தது. பி வகுப்பு அரங்குகள் ஒரே நாள் வெளியீட்டைக் கோரிப் பெற்றன. சித்தூரில் ஓடும் படமும் சென்னையில் ஓடும் படமும் இப்போது ஒரே நீளம், ஒரே பாடம், மழை நின்றுவிட்டது. ஆனால் ஏரியா நிற்கவில்லை. கேரள உரிமை இன்றும் தனியே விற்கப்படுகிறது. எல்லையோர அரங்கின் திறவுகோல் அவ்வுரிமையாளர் ஒப்புதலின்றி வாராது. எண்ணிம நிறுவனங்களுக்குச் செலுத்தும் கட்டணம் புதுச் சுமையாயிற்று. அதனை எதிர்த்துத் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்பட வெளியீட்டை நிறுத்தினர். எதிர்த்திசை நிகழ்வும் உண்டு: வருவாய்ப் பங்கீடு குறித்த பூசலால் 2016 திசம்பர் முதல் கேரளத்தில் மலையாளப் புதுப்படங்கள் நின்றிருந்தபோது, 2017 சனவரி 12இல் ‘பைரவா’ என்னும் தமிழ்ப்படம் அங்கு வெளியானது.

பெட்டியின் காலத்தில் எல்லை என்பது தாமதம். கோப்பின் காலத்தில் அது அரசாணையின் வடிவில் வெளிப்பட்டது. 2011 நவம்பரில் முல்லைப் பெரியாறு பூசலின்போது ‘டேம் 999’ படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. குமுளிக்கு அப்பால் திரையிடத் தடையற்ற படம் இப்பக்கம் தடையுற்றது. 2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் இரு வாரம் தடுக்கப்பட்டபோது, சனவரி 25இல் கேரளத்தில் வெளியாயிற்று. கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளிலிருந்து பார்வையாளர் பாலக்காட்டை நோக்கிச் சென்றனர். தமிழகத்தில் அப்படம் பிப்ரவரி 7இல்தான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 9இல் கேரளத்தில் வெளியான ‘தலைவா’ தமிழகத்துக்கு ஆகஸ்டு 20இல் வந்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கோவையைப் பார்த்து ஏங்கிய ஊர்களுக்குக் கோவை வந்தது, வரிசை தலைகீழானது. கொரோனாத் தொற்றுக்காலத்தில் அது மீண்டும் திரும்பிற்று: தமிழகத் திரையரங்குகள் 2020 நவம்பர் 10இல் திறக்க, கேரளத் திரையரங்குகள் 2021 சனவரி 13இல் ‘மாஸ்டர்’ என்னும் தமிழ்ப்படத்துடனேயே திறந்தன.

2023 சனவரிக்குப் பின் தமிழகத்தில் அதிகாலைக் காட்சிகளுக்கு இசைவு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 10இல் ‘ஜெயிலர்’ கேரளத்தில் காலை 6 மணிக்கும், அக்டோபர் 19இல் ‘லியோ’ 4 மணிக்கும் தொடங்கின. தமிழகத்தில் இரண்டும் 9 மணிக்கு. 2025 ஆகஸ்டு 14இல் ‘கூலி’க்கும் கேரளத்தில் 6 மணி, தமிழகத்தில் 9 மணி. முன்பு வாரக்கணக்கில் அளக்கப்பட்ட இடைவெளி மூன்று மணி, ஐந்து மணி எனச் சுருங்கியுள்ளது. ஒரே நாளில் ஒரே கோப்பு இரு பக்க அரங்குகளிலும் முன்னதாகவே வந்து கிடக்க, வாளையாற்றுக்கு மேற்கே திறவுகோல் விடியுமுன் திறக்கிறது. கிழக்கே பொழுது ஏறும்வரை பூட்டியே இருக்கிறது. அந்நாள்களில் பின்னிரவில் கணவாயைக் கடந்து மேற்கே செல்லும் வண்டிகளில் பெட்டி ஏதும் இல்லை, ஆட்களே உள்ளனர்.